ஆழத்தின் புள்ளிகளும் கணக்கின் கோடும்

ஜெனீவா ஏரியின் அடியில் நீர் எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது என்று அறிய 1779இல் ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் ஒரு வழி கண்டார். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்குவதில் சிரமம் இல்லை. மேலே இழுக்கும்போதுதான் சிக்கல். வழியில் இருக்கும் வெதுவெதுப்பான நீர் பட்டு, அடியில் காட்டிய எண் மாறிவிடும். சொசூர் தம் வெப்பமானியை வெப்பம் எளிதில் புகாத பொருள்களால் கனமாகச் சுற்றி மந்தமாக்கினார். மணிக்கணக்கில் அடியிலேயே கிடக்கவிட்டு, குளிர் உள்ளே இறங்கிய பிறகு எடுத்தார். மேலே வந்து சேரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மந்தமான கருவியின் எண் மாறவில்லை. ஓர் ஆழத்துக்கு ஓர் எண் கிடைக்க அத்தனை பொறுமை வேண்டியிருந்தது.

இன்று ஒரு மடிக்கணினி, பெரிய அணை ஒன்றின் ஓராண்டு வெப்பநிலையை மேற்பரப்பிலிருந்து அடிவரை மணிவாரியாகக் கணக்கிட்டுத் தந்துவிடுகிறது. அந்தக் கணக்கு மெய்தானா என்று பார்க்க நீரியல் துறையினர் ஒரு படம் வரைவார்கள். செங்குத்து அச்சில் ஆழம்; பூஜ்யம் உச்சியில், எண்கள் கீழே போகப்போக வளரும். கிடை அச்சில் வெப்பநிலை, அல்லது கரைந்த ஆக்சிஜன், அல்லது உப்பு. படகிலிருந்து கருவியை இறக்கி அளந்தவை புள்ளிகளாக இருக்கும். கணினி மாதிரி சொன்னது கோடாக இருக்கும். கோடு புள்ளிகளின் மேல் போகிறதா, விலகுகிறதா, எங்கே விலகுகிறது? படம் கேட்பது இவ்வளவுதான்.

உள்ளங்கை அகலமுள்ள இந்தப் படத்துக்குள் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் பெரும்பகுதி புள்ளிகளுக்காகச் செலவானது. கோடு வந்து சேர்ந்தது கடைசி அரை நூற்றாண்டில்தான். இப்போதோ கோட்டை மெருகேற்ற ஆளும் பணமும் தாராளமாகக் கிடைக்கின்றன. புள்ளிகளைச் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு நிதியாண்டும் கையேந்தி நிற்கிறார்கள். இந்த நிலை மாற வேண்டும். ஏன் என்பதைப் பழைய கதையிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சொசூருக்குப் பின் கருவிகள் மெல்ல மெல்லத் தேறின. 1782இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் சிக்ஸ், தான் சந்தித்த உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும் வெப்பமானியை ராயல் சொசைட்டிக்கு விவரித்தார். ஆழம் கூடக்கூடக் குளிர் கூடும் நீரில் அது நன்றாகவே உதவியது. பனி மூடிய ஏரியில் நிலைமை வேறு. அங்கே மேல்நீர் பூஜ்யத்தை ஒட்டியும் அடிநீர் 4 பாகை செல்சியஸை ஒட்டியும் இருக்கும். வழியில் எங்கோ சந்தித்த குளிரை அந்தக் கருவி அடியின் குளிராகச் சொல்லிவிடும். 1874இல் லண்டனின் நெக்ரெட்டி அண்ட் ஸாம்ப்ரா நிறுவனம் கவிழும் வெப்பமானியைக் கொண்டுவந்த பிறகே இந்தக் குழப்பம் தீர்ந்தது. வேண்டிய ஆழத்தில் அது தலைகீழாகப் புரளும்; புரளும் கணத்தில் பாதரசத் தம்பம் அறுந்து, அந்த இடத்து வெப்பநிலை பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு வழியில் எந்த நீர் பட்டாலும் கவலையில்லை. கடலியலும் ஏரியியலும் ஒரு நூற்றாண்டு காலம் இந்தக் கண்ணாடிக் குழாயை நம்பி நடந்தன.

ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபோரெல் அதே ஜெனீவா ஏரியைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து 1892க்கும் 1904க்கும் இடையில் மூன்று பெரும் பாகங்களாக எழுதினார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எட்வர்ட் பெர்ஜ், மெண்டோட்டா ஏரியை எடுத்துக்கொண்டார். மிக ஆழமான இடத்திலும் 25 மீட்டர்தான் இருக்கும் ஏரி அது. கோடையில் அதன் மேலடுக்கு முழுதும் ஏறத்தாழ ஒரே வெதுவெதுப்பு. அதற்குக் கீழே சில மீட்டருக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும். அப்புறம் அடிவரை குளிர். நடுவில் செங்குத்தாகச் சரியும் அந்தப் பகுதிக்குப் பெர்ஜ் 1897இல் தெர்மோக்ளைன் என்று பெயரிட்டார். பெயரைவிட முக்கியம், அது ஏரியை இரண்டாகப் பிரித்துவிடுகிறது என்று அவர் கண்டதுதான். வெதுவெதுப்பான நீர் இலேசு, குளிர்ந்த நீர் கனம். 24 பாகை நீருக்கும் 25 பாகை நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு, 4 பாகைக்கும் 5 பாகைக்கும் உள்ளதைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு. எனவே கோடையில் காற்று எவ்வளவு அடித்தாலும் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. கீழே அடைபட்ட நீருக்கு மேலிருந்து காற்று கிடைக்காது. மடிந்து விழும் பாசி அங்கே அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பெர்ஜும் அவருடைய சகா சான்சி ஜூடேயும் 1911இல் வெளியிட்ட நூல், விஸ்கான்சின் ஏரிகளில் கரைந்திருக்கும் வாயுக்களை ஆழவாரியாக அளந்து இதைக் காட்டியது. மீன் எந்த ஆழத்தில் மூச்சுவிட முடியும் என்பதை அந்த வளைகோட்டில் விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

ஸ்காட்லாந்தில் ஜான் மரேயும் லாரன்ஸ் புல்லரும் தலைமையேற்று 562 ஏரிகளின் ஆழத்தை அளந்தார்கள். அந்தப் பணியின்போது லாக் நெஸ் ஏரியில் ஒரு புதிர் எழுந்தது. ஒரே இடம், ஒரே ஆழம். ஆனால் வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட வாய்ப்பிருந்தும் வாட்சன் என்ற ஆய்வாளர் அந்த எண்களைக் கைவிடவில்லை. காற்று தள்ளியதால் ஏரியின் அடுக்குகளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கின்றன, ஓர் ஆட்டத்துக்கு மூன்று நாளளவு ஆகிறது என்று அவர் 1904இல் விளக்கினார். மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது, உள்ளே பேரலை. இன்று மாதிரியின் கோட்டையும் அளவீட்டின் புள்ளியையும் ஒப்பிடுகிறவர் முதலில் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. காலை பத்து மணிக்கு எடுத்த அளவீடு, அந்தப் பத்து மணிக்கு அடுக்கு எங்கே ஆடிக்கொண்டிருந்ததோ அதைத்தான் சொல்லும்.

இந்தக் காலம்வரை கணக்கு பின்னால் வந்தது, அளவீடு முன்னால் நடந்தது. இந்த வரிசையை மாற்றியவை பெரும் அணைகள்.

அணை கட்டினால் ஆழமான ஏரி ஒன்று புதிதாகப் பிறக்கும். அதன் மதகு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த அடுக்கின் நீர் ஆற்றுக்குப் போகும். அடி மதகு என்றால் கோடையிலும் பனிக்காலத்துக் குளிரோடு ஆறு ஓடும். மேல் மதகு என்றால் சூடாக ஓடும். கீழே உள்ள மீனும் பாசனமும் அதைப் பொறுத்தவை. ஆனால் கட்டாத அணைக்குள் வெப்பமானியை இறக்க முடியாது. மதகை எங்கே வைப்பது என்று கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதனால்தான் 1960களின் அமெரிக்காவில் பொறியாளர்கள் அணையின் வெப்பத்தைக் கணினியில் கணக்கிடத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் ஜெரால்ட் ஆர்லோபும் செல்னாவும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டொனால்ட் ஹார்ல்மனின் குழுவும் ஏரியைக் கிடையடுக்குகளாக வெட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் வெப்பத்தின் வரவுசெலவு எழுதினார்கள். இருக்கும் அணையில் கணக்கு பொருந்தினால்தான் வரப்போகும் அணைக்கு அதை நம்பலாம். ஹார்ல்மன் குழுவுக்கு அந்தச் சோதனைக்களம், வட கரோலினாவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1944இல் முடித்த ஃபொண்டானா அணை. 1972இல் வெளிவந்த அவர்களின் கட்டுரையில் கோடும் புள்ளியும் சேர்ந்த படம் தன் இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டது எனலாம்.

1975இல் ஜான் எடிங்கரும் எட்வர்ட் புச்சக்கும் ஒரு படி மேலே போனார்கள். நீண்டு வளைந்த அணை நீர்த்தேக்கத்தில் ஆழத்தோடு நீளவாக்கிலும் நீர் மாறுகிறது. அகலத்தை மட்டும் சராசரியாக்கிவிட்டு, நீளமும் ஆழமும் கொண்ட கட்டங்களாக ஏரியைப் பிரித்தார்கள். அதிலிருந்து வளர்ந்து, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் விக்ஸ்பர்க் ஆய்வகத்தில் 1986இல் முதல் பதிப்பாக வந்ததுதான் சீ-குவால்-டபிள்யூ2 என்ற கணினி மாதிரி. இப்போது போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் அதைப் பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வேறு மாதிரிகள் பிறந்தன. அவற்றையெல்லாம் இங்கே அடுக்க வேண்டியதில்லை. எல்லாமே கடைசியில் அதே படத்தின் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.

அந்தப் படத்தை வரையும் வேலையும் தன்பங்குக்கு மாறியது. தொடக்கக் காலக் கணினிகள் நீண்ட மடிப்புக் காகிதத்தில் எண்களைக் கொட்டும். அவற்றை வரைவாளர் ஒருவர் கட்டத்தாளில் பென்சிலால் ஏற்றுவார். அல்லது அச்சுப்பொறியே நட்சத்திரக் குறிகளை அடுக்கி ஒரு கோணல் கோடு காட்டும். 1959இல் கால்காம்ப் நிறுவனத்தின் உருளை வரைவி வந்தது. பேனா தானே நகர்ந்து கோடு போட்டது. பிறகு வரைகலை மென்பொருள்கள்: 1986இல் நூபிளாட், 2003இல் மேட்பிளாட்லிப். இரண்டாவதை எழுதிய ஜான் ஹன்டர் மூளை நரம்பியல் ஆய்வாளர். மூளையின் மின்னலைகளைப் பார்க்கத் தமக்கென்று செய்துகொண்ட கருவியை உலகத்துக்குக் கொடுத்தார். இன்று ஏரி ஆய்வாளர்கள் பலர் அதில் வரைகிறார்கள். அணை மாதிரிகளுக்கென்றே தனி வரைகலை மென்பொருள்களும் உண்டு. மாதிரியின் வெளியீட்டுக் கோப்பைத் திறந்து, அளவீட்டுக் கோப்பை இணைத்து, தேதியைச் சொடுக்கினால் கோடும் புள்ளியும் அருகருகே வந்துவிடும்.

இந்த வசதியை வரவேற்கிறேன். ஒரு பருவத்தின் அத்தனை அளவீடுகளையும் ஒரே பிற்பகலில் பார்க்க முடிவது பெரிய கொடை. ஆனால் கையால் ஏற்றிய காலத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் கண்ணில் பட்டே காகிதத்துக்கு வந்தது. அளவுக்கு ஒவ்வாத எண் பென்சிலை நிறுத்திவிடும். இப்போது நூறு படங்கள் தானாக வரையப்பட்டு, ஒரு கோப்புறையில் சேர்ந்து, யாரும் திறக்காமலே அறிக்கையின் பின்னிணைப்பாகிவிடலாம். இந்த இழப்பை நாம் தெரிந்தே ஈடுசெய்ய வேண்டும்.

கண்ணால் பார்ப்பது ஏன் அவசியம் என்பது ஒரு படத்தை நெருங்கிப் பார்த்தால் விளங்கும். கோடைகாலத்து ஏரி ஒன்றை வைத்துக்கொள்வோம். அளந்த புள்ளிகள் பத்தாவது மீட்டர்வரை 24 பாகையில் நிற்கின்றன. அங்கிருந்து நான்கு மீட்டருக்குள் 12 பாகைக்கு இறங்கி, அடிவரை அப்படியே போகின்றன. முதல் மாதிரியின் கோடு அச்சு அசலாக அதே வடிவம். ஆனால் சரிவு பன்னிரண்டாம் மீட்டரில் தொடங்குகிறது. பன்னிரண்டாம் மீட்டரில் புள்ளி 18 என்கிறது, கோடு 24 என்கிறது. ஆறு பாகைப் பிழை. இரண்டாவது மாதிரியின் கோடு ஏழாம் மீட்டரிலேயே தளர்ந்து, பதினேழாம் மீட்டர்வரை நீட்டி நிதானமாக 12க்கு இறங்குகிறது. அதன் பிழை எந்த ஆழத்திலும் நான்கு பாகையைத் தொடவில்லை. பிழைகளின் சராசரியை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார். ஏரியை அறிந்தவர் முதலாவதைத்தான் எடுப்பார். முதல் மாதிரிக்கு அடுக்கு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. காற்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு சரிவைக் கீழே தள்ளிவிட்டது. இரண்டாவது மாதிரி மேல்நீரையும் அடிநீரையும் ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்கிறது. நாளை அதே மாதிரியிடம் அடிநீரில் ஆக்சிஜன் எப்போது தீரும் என்று கேட்டால், மேலிருந்து கசியும் காற்றை நம்பி, தீராது என்று சொல்லிவிடும்.

கோடும் புள்ளியும் பிரியும் இடம் காரணத்தையும் சொல்கிறது. மேற்பரப்பில் பிரிந்தால் வெயில், காற்றின் ஈரப்பதம், மேகம் பற்றிய வானிலைத் தரவைச் சந்தேகிக்க வேண்டும். சரிவு இடம் மாறியிருந்தால் காற்றின் வேகம். காற்றுமானி பெரும்பாலும் ஏதோ ஒரு விமான நிலையத்தில் இருக்கும், ஏரியோ மலையிடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும். சீ-குவால்-டபிள்யூ2இல் இதற்கென்றே காற்று மறைப்புக் கெழு ஒன்று இருக்கிறது. வெயில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் சரிவை நகர்த்தும்; அதை அறிய 1865இல் ஆஞ்சலோ செக்கி இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டு இன்றும் படகுகளில் இருக்கிறது. அடி மட்டும் சூடாகக் காட்டினால் ஆற்றிலிருந்து வந்து கீழே புகும் நீரின் கணக்கைப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், படத்தை வரைந்த விதத்திலேயே பிழை இருப்பதும் சாதாரணம். அணையில் நீர்மட்டம் ஏறி இறங்கும். அளந்தவர் மேற்பரப்பிலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார். மாதிரி கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதும். மட்டம் பத்து மீட்டர் இறங்கிய மாதத்தில் இரண்டையும் ஒரே அச்சில் போட்டால், நல்ல மாதிரியும் பைத்தியக்காரக் கோடு காட்டும்.

இன்னொரு வகைப் படம் இதைவிட ஆபத்தானது. கிடை அச்சில் மாதங்கள், செங்குத்தில் ஆழம், நடுவில் வண்ணம். அளவீட்டுக்கு ஒரு படம், மாதிரிக்கு ஒரு படம். இரண்டும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றும், பார்க்கிறவர் தலையாட்டிவிடுவார். அளவீட்டுப் படத்தின் பெரும்பகுதி அளவீடே இல்லை. மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ எடுத்த எண்களுக்கு நடுவே மென்பொருள் இட்டு நிரப்பியது. போதாததற்கு வானவில் வண்ணம். மஞ்சள் இருக்கும் இடத்தில் இல்லாத விளிம்பைக் கண் காணும். பச்சை பரந்த இடத்தில் இருக்கும் சரிவைக் காணாது. இதைக் காட்சியியல் ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துச் சொன்ன பிறகே, 2017இல் வந்த மேட்பிளாட்லிப் இரண்டாம் பதிப்பு வானவில்லைக் கைவிட்டு, ஒளிர்வு சீராகக் கூடும் விரிடிஸ் வண்ண வரிசையை இயல்பாக ஏற்றுக்கொண்டது. அழகுணர்ச்சி பற்றிய மாற்றமாக இதை நினைத்துவிடக் கூடாது. கோடி கோடியாகச் செலவழிக்கும் முடிவுகள் இந்தப் படங்களைப் பார்த்து எடுக்கப்படுகின்றன.

அப்படி ஒரு முடிவின் கதை, வட கலிபோர்னியாவின் ஷாஸ்டா அணை. 1938இல் தொடங்கி 1945இல் முடிந்த இந்த அணையின் உயரம் 183 மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 198 டி.எம்.சி., நம் மேட்டூரைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அணை எழுவதற்கு முன், சாக்ரமெண்டோ ஆற்றின் குளிர்கால சினூக் சால்மன் கடலிலிருந்து ஏறிவந்து, ஊற்றுநீர் பாயும் மெக்லவுட் போன்ற மேலாறுகளில் கோடையில் முட்டையிடும். மற்ற சால்மன்கள் இலையுதிர்காலத்தின் குளிருக்காகக் காத்திருக்க, கோடை வெயிலிலேயே முட்டையிடும் துணிச்சல் இதற்கு உண்டு. ஊற்றுநீரின் குளிர்ச்சி தந்த துணிச்சல் அது. வின்னமெம் விண்டு பழங்குடி மக்கள் அந்த ஆற்றையும் மீனையும் சார்ந்து வாழ்ந்தவர்கள். அணை அவர்களுடைய நிலத்தை மூழ்கடித்தது, மீனின் வழியையும் அடைத்தது. அணைக்குக் கீழே, வெயில் காயும் சமவெளியில், அணை வெளியேற்றும் நீரின் குளிரை நம்பியே முட்டைகள் பிழைக்க வேண்டியதாயிற்று. 1960களின் இறுதியில் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த மீன்கள் 1990களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் கீழே போயின. 1994இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தார்கள்.

1997இல் அணையின் முகத்தில் ஒரு பிரம்மாண்டமான இரும்புக் கூட்டைப் பொருத்தினார்கள். செலவு சுமார் 8 கோடி டாலர். வெவ்வேறு உயரங்களில் கதவுகள். வசந்தத்தில் மேல் கதவைத் திறந்து வெதுவெதுப்பான நீரை விட்டு, அடியில் இருக்கும் குளிர்ந்த நீரைக் குதிரில் வைத்த விதைநெல்போலக் காத்து, முட்டைக் காலத்துக்குத் தரவேண்டும். எவ்வளவு குளிர்நீர் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், எந்த வாரத்தில் எந்தக் கதவு என்று சொல்வது ஆழவாரி வெப்பநிலை அளவீடும் அதைக் கொண்டு ஓடும் மாதிரியும்தான். நம் நாளிதழ்களில் அணைச் செய்தி என்றால் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி என்பதோடு முடிந்துவிடும். ஷாஸ்டாவில் அதே அளவு நீர், அடுக்கின் கணக்கைப் பொறுத்து, ஓர் இனத்தைக் காப்பாற்றலாம் அல்லது அழிக்கலாம்.

2014இன் கடும் வறட்சியில் கணக்கு தவறியது. குளிர்நீர் எதிர்பார்த்ததற்கு முன்பே தீர்ந்து, முட்டையும் குஞ்சுமாக ஏறத்தாழ 95 விழுக்காடு அழிந்தன. மூன்றாண்டில் முட்டையிடத் திரும்பும் மீனுக்கு இரண்டாவது ஆண்டும் அப்படிப் போனால் மீள்வது கடினம். எனவே 2015இல் இன்னும் கவனமாகத் திட்டம் போட்டார்கள். மே மாத இறுதியில் ஒரு செய்தி வந்தது: ஏரியின் ஆழவாரி வெப்பநிலையை அளந்துவந்த கருவி தவறான எண்களைத் தந்துகொண்டிருந்தது. நினைத்ததைவிட நீர் சூடாக இருந்தது. ஒப்புதல் பெற்ற திட்டத்தை நிறுத்தி, கணக்கை மறுபடி போட்டு, வெளியேற்றத்தைக் குறைத்தார்கள். அந்த ஆண்டும் மீன்குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை மாதிரிகள் மேல் குற்றம் சுமத்தப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. தவறான புள்ளியில் தொடங்கும் எந்தக் கோடும் தவறாகத்தான் போகும். புள்ளி என்றால் உண்மை, கோடு என்றால் ஊகம் என்று நாம் பழகிப்போன பிரிவினையே இங்கே உடைந்தது. புள்ளியும் ஒரு கருவியின் கூற்று. அதற்கும் சோதனை வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும், ஆண்டுதோறும் செலவு வேண்டும். கோடும் புள்ளியும் பிரியும்போது மாதிரியின் திருகுகளை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால், கோளாறான கருவிக்குப் பொருந்தும்படி நல்ல மாதிரியைக் கெடுத்துவிடும் அபாயம் இருக்கிறது.

முட்டைகளின் கதை இன்னும் ஒரு திருப்பம் கண்டது. அணை நிர்வாகம் பல ஆண்டுகளாக 13.3 பாகை, அதாவது 56 பாரன்ஹீட், என்ற எல்லையை வைத்திருந்தது. ஆய்வகத் தொட்டிகளில் முட்டைகள் அதுவரை நன்றாகத் தாங்கின. பெஞ்சமின் மார்ட்டினும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஆய்வக எண்ணைக் கொண்டு கணித்ததையும் ஆற்றில் உண்மையில் பிழைத்த குஞ்சுகளையும் ஒப்பிட்டது. ஆற்றில் முட்டைகள் ஏறத்தாழ 3 பாகை குறைந்த வெப்பத்திலேயே மடியத் தொடங்குவது தெரிந்தது. ஆற்றுச் சரளைக்குள் நீர் மெதுவாக ஓடுகிறது. சூடு கூடினால் முட்டைக்கு ஆக்சிஜன் தேவை கூடும், மெல்லோட்டத்தில் அது போதுமான அளவு வந்து சேராது. ஆய்வகத்தில் நீர் வேகமாக ஓடியதால் இது மறைந்திருந்தது. ஆற்றின் எண்களைக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால், தவறான எல்லையைத் துல்லியமாகக் காத்துக்கொண்டே இருந்திருப்போம்.

1994இல் நவோமி ஒரெஸ்கஸும் இரு சகாக்களும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் பலரைச் சங்கடப்படுத்தியது. இயற்கை அமைப்புகளைப் பற்றிய கணினி மாதிரி எதையும் உண்மையென்று முழுமையாக நிரூபிக்க முடியாது. அளவீட்டோடு ஒத்துப்போவது ஆதரவு தரும், அந்த ஆதரவும் எப்போதும் பகுதியளவே என்றார்கள். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடை தரலாம். நம் ஏரிப் படத்தில் அது அன்றாடம் நடப்பதுதான்: காற்றைக் கூட்டியும் ஒளியைக் குறைத்தும் ஒரே கோட்டை வரவழைக்கலாம். அதனால்தான் ஓர் ஆண்டின் புள்ளிகளைக் கொண்டு திருகுகளைச் சரிசெய்தவர், திருகைத் தொடாமல் இன்னோர் ஆண்டின் புள்ளிகளைச் சந்திக்க வேண்டும். முடிந்தால் வறட்சி ஆண்டையும் வெள்ள ஆண்டையும். அதற்கு அந்த இன்னோர் ஆண்டில் யாராவது படகில் போயிருக்க வேண்டும்.

பெர்ஜ் அளந்த மெண்டோட்டாவில் இன்றும் அளக்கிறார்கள். விஸ்கான்சின் ஏரிகளுக்கான நீண்டகால ஆய்வுத் திட்டம் 1981இல் தொடங்கியது; அதன் எண்கள் எவருக்கும் திறந்திருக்கின்றன. 2005இல் பிறந்த கிளியோன் என்னும் உலக ஏரி ஆய்வாளர் கூட்டமைப்பு, மிதவைகளில் பொருத்திய சென்சார் தரவுகளைப் பல நாடுகளிலிருந்தும் சேர்க்கிறது. பொது ஏரி மாதிரி என்ற இலவச மென்பொருளை 32 ஏரிகளின் அளவீடுகளோடு ஒப்பிட்டு 2018இல் ஒரு குழு வெளியிட்ட ஆய்வு, எந்த வகை ஏரியில் அது தடுமாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னது. அத்தனை ஏரிகளில் ஆண்டுக்கணக்கில் ஆழம் அளந்தவர்கள் இல்லாமல் அப்படியோர் ஒப்பீடு நடந்திருக்காது.

பொதுப் பணத்தில் ஓடும் நீர் மாதிரிகளுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு அளவீட்டுக்கென்று பிரித்து வைக்கப்பட வேண்டும், அதுவும் திட்டம் முடிந்த பிறகும் தொடரும் விதமாக. அளவீட்டின் மூல எண்கள், ஆழம் எங்கிருந்து கணக்கிடப்பட்டது, நேரம் என்ன என்ற விவரங்களோடு வெளியாக வேண்டும். அறிக்கைகள் ஒற்றைப் பிழை எண்ணோடு நின்றுவிடாமல், கோடும் புள்ளியும் சேர்ந்த படத்தை ஒவ்வோர் அளவீட்டு நாளுக்கும் தர வேண்டும். மிக மோசமாகப் பொருந்திய நாள் பின்னிணைப்பில் ஒளியாமல் முதல் பக்கங்களில் வர வேண்டும். கருவி கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி ஒவ்வொரு படத்தின் அடியிலும் அச்சாக வேண்டும்.